மண்டபத்தைக் கொடுக்கும் முன் நான்கு எண்களைக் கேளுங்கள்

குமரி மாவட்டப் பங்குப் பேரவைகள், சபைக் கமிட்டிகள், ஜமாஅத் நிர்வாகங்கள், கோயில் நிர்வாகக் குழுக்கள், ஊர்க் கமிட்டிகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நீட் முடிவு வந்த மறுவாரமே களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள மண்டபங்களுக்குப் புதிதாக ஒரு கிராக்கி வந்துவிடும். 'வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். – இலவச ஆலோசனை முகாம்' என்று ஃபிளக்ஸ் ஏறும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வாசிக்கப்படும். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வந்தவர்கள் கையில் நோட்டீஸ் இருக்கும். வருகிற பெற்றோர் அந்த ஏஜென்டை நம்பி வருவதில்லை. நம்ம ஊர் மண்டபத்தில் நடக்கிறது, நம்ம கமிட்டிக்குத் தெரியாமலா நடக்கும் என்று நம்பி வருகிறார்கள். இந்த மடல் ஏஜென்டுகளுக்கு அல்லாமல் உங்களுக்கு எழுதப்படுவது அதனால்தான். ஒரு பெற்றோருக்கு வாழ்க்கையில் ஒருமுறை வரும் தீர்மானம் இது. உங்களுக்கோ ஆண்டுதோறும் வருகிறது. கேள்வி கேட்டுப் பழகும் வாய்ப்பு உங்களுக்கே இருக்கிறது.

எழுதுகிற நாங்கள், வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்பும் பிள்ளைகளை உரிமத் தேர்வுக்குத் தயார்செய்யும் வேலையில் இருக்கிற மருத்துவர்களும் ஆசிரியர்களும். வெளிநாட்டுக்குப் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. போய்ப் படித்து வந்து, இதே மாவட்டத்தில் நல்ல மருத்துவர்களாக இருப்பவர்கள் உண்டு. ஃபிளக்ஸில் இருக்கும் சதவீதத்தைப் படிப்பது எப்படி என்பதுதான் விஷயம்.

முதலில் தேர்வு. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். அல்லது எம்.டி. என்ற பெயரில் பட்டம் வாங்கியவர், இந்தியாவில் நோயாளியைத் தொட வேண்டுமானால் எஃப்.எம்.ஜி.இ. என்னும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 2002 முதல் நடக்கிறது. என்.பி.இ.எம்.எஸ். என்ற தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் என்றும் டிசம்பர் என்றும் பெயரிட்டு நடத்தும். ஒரே நாளில் 300 கேள்விகள்: காலையில் 150, மதியத்துக்குப் பிறகு 150. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. 300க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. தாள் கடினமாக இருந்தது என்பதற்காக அந்த 150 இறங்கி வராது. வினாத்தாளும் விடைப் பட்டியலும் வெளியிடப்படுவதில்லை. 'போன தடவை கேட்ட கேள்விகள்' என்று விற்கப்படுவதெல்லாம் எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னவை. விடை மாறிப்போனவை அதில் ஏராளம்.

இனி ஃபிளக்ஸ். அதில் இருபது முகங்கள் சிரிக்கும். கீழே '60 சதவீதத் தேர்ச்சி' என்று இருக்கும். அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் சங்கடம். ஒரு கணக்குக்குச் சொல்கிறோம்: ஒரு ஏஜென்ட் ஒரே ஆண்டில் 100 பேரைச் சேர்த்துவிடுகிறார் என்று வையுங்கள். அவர்களில் 84 பேர் உரிய காலத்தில் பட்டம் வாங்குகிறார்கள். மற்றவர்கள் பாதியில் திரும்பியிருக்கலாம், அரியர் வைத்திருக்கலாம், வேறு கல்லூரிக்கு மாறியிருக்கலாம். 84 பேரில் 70 பேர் தேர்வு எழுதுகிறார்கள். முதல் தடவை 18 பேர், இரண்டாம் தடவை 15 பேர், மூன்றாம் தடவை 9 பேர் தேறுகிறார்கள். ஆக ஒன்றரை ஆண்டில் 42 பேர்.

இப்போது இந்த ஒரே பேரேட்டிலிருந்து எத்தனை சதவீதம் எடுக்கலாம் என்று பாருங்கள். சேர்ந்த 100 பேரில் முதல் தடவையே தேறியவர்கள் 18 சதவீதம். எழுதிய 70 பேரில் முதல் தடவை தேறியவர்கள் ஏறக்குறைய 26. சேர்ந்த 100 பேரில் கடைசியாகத் தேறியவர்கள் 42. பட்டம் வாங்கிய 84 பேரில் 50. எழுதிய 70 பேரில் கடைசிவரை தேறியவர்கள் 60. ஐந்தும் உண்மை. ஃபிளக்ஸில் ஏறுவது கடைசி எண். உங்கள் ஊர்ப் பெற்றோருக்கு வேண்டியது முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும். அவர் பணம் கட்டுவது சேரும் நாளில். அன்றைக்கு அவர் பிள்ளை 100 பேரில் ஒருவர்தான், 70 பேரில் ஒருவர் அல்ல.

சதவீதமே போடாமல் முகங்களை மட்டும் போடுவது இன்னொரு வழி. 'இந்த முறை எங்கள் மாணவர்கள் 20 பேர் தேர்ச்சி.' எந்த ஆண்டு சேர்ந்தவர்கள், எத்தனையாவது முயற்சி, எழுதியவர்கள் 30 பேரா 300 பேரா, எதுவும் இருக்காது. அனுப்பிய ஏஜென்ட், பாடம் நடத்திய பயிற்சி மையம், வீடியோ விற்ற செயலி என்று மூன்று ஃபிளக்ஸில் ஒரே முகம் சிரிப்பதும் நடக்கும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. மூன்று பேரும் கேட்டிருப்பார்கள், படம் கொடுத்திருக்கும்.

எதிர்ப் பக்கத்துக் கணக்கிலும் ஒரு கோளாறு உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நாங்களும் ஏஜென்ட் மாதிரிதான். தேர்வு வாரியத்தின் எண்கள் இவை: 2015 முதல் 2018 வரை எழுதியவர்கள் 61,708, தேறியவர்கள் 8,764, அதாவது 14.2 சதவீதம். 2024 டிசம்பர் தேர்வில் 44,392 பேர் எழுதி 13,149 பேர் தேறினார்கள், 29.62 சதவீதம். 2025 ஜூன் தேர்வில் 36,034 பேர் எழுதி 6,707 பேர் தேறினார்கள், 18.61 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு 'நூற்றுக்கு எண்பது பேர் டாக்டர் ஆகவே முடியாது' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. நான்கு முறை எழுதுகிறவர் நான்கு முறையும் அந்தக் கூட்டத்தில் எண்ணப்படுகிறார். 100 பேர் எழுதி, ஒவ்வொரு முறையும் மிச்சமிருப்பவர்களில் கால்வாசிப் பேர் தேறினால், தேறாமல் மிஞ்சுவது முதலில் 75, பிறகு 56, பிறகு 42, பிறகு 32. இரண்டு ஆண்டில் 68 பேர் தேறியிருப்பார்கள்; ஆனால் ஒவ்வொரு தேர்வின் முடிவும் '25 சதவீதம்' என்றே செய்தியாகும். நடப்பில் கால்வாசி என்பது அப்படியே நிற்காது. நன்றாகப் படித்தவர்கள் முதலிலேயே கரையேறிவிடுவதால் பின்னால் போகப் போக விகிதம் குறையும். இருந்தாலும் வாரியத்தின் எண் ஒரு நாளின் தேர்வைப் பற்றிச் சொல்வது. ஒரு பிள்ளையின் ஆறேழு ஆண்டைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

நாட்டுவாரிக் கணக்கைக் காட்டி வியாபாரம் செய்வதும் வழக்கம். அதே 2015–2018 காலத்தில் சீனாவில் படித்து எழுதியவர்கள் 20,314, தேறியவர்கள் 2,370. வங்கதேசத்தில் படித்தவர்கள் 1,265 பேர் எழுதி 343 பேர் தேறினார்கள். மொரீஷியஸில் படித்தவர்கள் 154 பேரில் 81 பேர். உடனே 'மொரீஷியஸ் போனால் பாதிக்குப் பாதி நிச்சயம்' என்று சொல்லிவிடலாம், இல்லையா? 154 பேர் என்பது சீனாவின் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சிறிய கூட்டத்தில் பத்துப் பேர் கூடக்குறைய ஆனால் சதவீதம் ஆறேழு புள்ளி ஆடும். வங்கதேசத்துக் கணக்கு நல்லதாக இருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதற்குத்தான் வருகிறோம்.

பிள்ளைகள் ஏன் விழுகிறார்கள்? மூளை இல்லாமல் அல்ல. ஒரு கேள்வியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். விடியற்காலை ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது, கால் வீங்குகிறது, ஈறில் ரத்தம் கசிகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? விடை, படுக்கை அருகிலேயே செய்யும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. 2 மில்லி சிரை ரத்தத்தை எடுத்து, புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்திருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயும் உதவாது. இரண்டிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று ஏமாற்றும். நடுவில் நாலுமுறை எடுத்துச் சரித்துப் பார்த்தாலும் சோதனை கெட்டுவிடும். அடுத்த கேள்வி: கடிபட்டது 12 கிலோ எடையுள்ள குழந்தை என்றால் விஷமுறிவு மருந்தின் அளவு? பெரியவருக்குக் கொடுக்கும் அதே அளவுதான், தொடக்கத்தில் 10 குப்பி. ஆள் சிறியது என்று பாம்பு விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. எல்லா மருந்தையும் எடைக்கு எடை கணக்குப் போட்டுப் பழகிய கை இங்கே குறைத்துவிடும், விடை தவறிப்போகும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிரான அந்த மருந்தை, ஆறு ஆண்டு பனிநாட்டில் படித்த பிள்ளை கண்ணால் கண்டிருக்காது. அங்கே வார்டில் நோயாளி பேசுவது உள்ளூர் மொழி. பேராசிரியர் வகுப்பில் ஆங்கிலம் பேசினாலும், கட்டிலருகே நடக்கும் பேச்சு முழுவதும் அந்த மொழிதான். இந்தியப் பிள்ளைகள் பதினைந்து பேர் பின்னால் நின்று தலையாட்டுவார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் முறை வரும். வலி எப்போது தொடங்கியது என்று கேட்கும் முறை வராது. வங்கதேசத்தில் பாடப்புத்தகமும் நோய்களும் வெயிலும் மழையும் ஏறக்குறைய நம்முடையவை. அந்த நாட்டுச் சதவீதம் கூடுதலாக இருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது எங்கள் கணிப்பு.

இதே சங்கடம் மற்றப் பாடங்களிலும் உண்டு. சமூக மருத்துவத்துக்கு 30 மதிப்பெண். அதில் இந்தியாவின் தடுப்பூசி அட்டவணை, காசநோய்த் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை பேருக்கு ஒன்று என்பதெல்லாம் வரும். வெளிநாட்டில் இவற்றைச் சொல்லித்தர யாருக்கும் தேவையில்லை. தடயவியல் மருத்துவத்துக்கு 10. அங்கே சட்டப்பிரிவுகள் கேட்பார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற பழைய 304ஏ இப்போது 106. சந்தேக மரணத்தில் போலீஸ் விசாரணை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 ஆக இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. பழைய எண்களே இருக்கும் கேள்வித் தொகுப்பை அண்ணன் கொடுத்தான், அக்கா கொடுத்தாள் என்று வைத்துப் படிக்கிறார்கள்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் படிக்கும் வரிசையே மாறிவிடும். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றுக்கும் தலா 17. நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் மூன்றுக்கும் தலா 13. தடயவியலின் 10ஐச் சேர்த்தால் நூறு. மீதி 200 மருத்துவமனைப் பாடங்கள்: பொது மருத்துவம் 33, அறுவை 32, மகப்பேறும் மகளிர் நோயும் 30, சமூக மருத்துவம் 30, குழந்தை மருத்துவம், கண், காது மூக்கு தொண்டை தலா 15, மற்றச் சிறு பாடங்கள் தலா 5. திரும்பி வந்த பிள்ளை முதலாமாண்டுப் பாடமான உடற்கூறியலிலிருந்து தொடங்கி, கை எலும்பிலும் மூளை நரம்பிலும் இரண்டு மாதத்தைக் கரைத்துவிட்டு, கடைசி இரண்டு வாரத்தில் நாலே நாள் மகப்பேற்றைப் புரட்டும். 17க்கு இரண்டு மாதம், 30க்கு நாலு நாள். நாங்கள் தலைகீழாகச் சொல்கிறோம்: மகப்பேறு, சமூக மருத்துவம், குழந்தை, கண், காது மூக்கு தொண்டை இந்த ஐந்தும் சேர்ந்தால் 105. நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் 39. ஆக 144. இவற்றை முதல் மூன்று மாதத்தில் முடித்துவிட்டு, அடுத்த இரண்டு மாதத்தை மருத்துவத்துக்கும் அறுவைக்கும் கொடுத்தால் உடற்கூறியலுக்குக் கடைசியில் இருபது நாள் போதும்.

140க்கும் 149க்கும் நடுவில் மூன்று நான்கு முறை சிக்கிக்கொள்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நூறு கேள்விக்கு உறுதியாக விடை தெரிந்து, மீதி 200க்கும் கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைத் தொட்டால் சராசரியாக 50 சரியாக விழும். ஆக 150. ஆனால் அதிர்ஷ்டம் பன்னிரண்டு மதிப்பெண் வரை இப்படியும் அப்படியும் ஆடும். போன முறை 148, இந்த முறை 141 என்று அழுகிற பிள்ளைக்கு அறிவு குறைந்துவிடவில்லை. அதே நூறில் நின்றுகொண்டிருக்கிறது. உறுதியாகத் தெரிந்ததை நூறிலிருந்து 130 ஆக்கினால்தான் இந்த ஆட்டத்திலிருந்து விடுபட முடியும். அதற்கு வீடியோ பார்த்துக்கொண்டே இருப்பது உதவாது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும் பாடத்தைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், மூடிவிட்டுக் கேட்டால் வராது. தினம் 50 கேள்வி, தவறிய ஒவ்வொன்றுக்கும் ஏன் தவறியது என்று நோட்டில் ஒரு வரி, ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டை மட்டும் திருப்பிப் பார்ப்பது. இவ்வளவுதான், ஆனால் ஆறு மாதம் விடாமல்.

தேர்வின் அமைப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு பாதியையும் 50 கேள்வி, 50 நிமிடம் என்று மூன்று பகுதியாகப் பூட்டிவிடுகிறார்கள். நேரம் முடிந்தால் பகுதி மூடிக்கொள்ளும், திரும்பிப் போக முடியாது. 'பிறகு பார்ப்போம்' என்று இருபது கேள்வியைத் தள்ளிவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே விழுகிறார்கள். மதியப் பகுதி இரண்டு மணிக்குத் தொடங்கும். வீட்டில் அந்த நேரத்தில் சோறு சாப்பிட்டுத் தூங்கியே பழகிய உடம்பு அன்று மட்டும் விழித்திருக்காது. கடைசி ஒரு மாதம் மாதிரித் தேர்வுகளைக் காலை ஒன்பதுக்கும் மதியம் இரண்டுக்கும்தான் எழுத வேண்டும்.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டிய விதிகள் 2021 நவம்பர் 18 முதல் மாறிவிட்டன. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலவழி, முழுவதும் ஒரே கல்லூரியில். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி. அந்த நாட்டுக் குடிமகனுக்குக் கிடைக்கும் அதே உரிமம் இந்தப் பட்டத்துக்கும் கிடைக்க வேண்டும். பிறகு இந்தியாவில் இன்னும் 12 மாதப் பயிற்சி. சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஏஜென்ட் இடறுவது அல்லது இடற வைப்பது மூன்று இடங்களில். மொழி வகுப்பு, முன்பட்ட வகுப்பு ஆகியவற்றைச் சேர்த்து 54 மாதம் என்று காட்டுவார். முதல் பாதி ஒரு நாட்டில், மறு பாதி இன்னொரு நாட்டு மருத்துவமனையில் என்பதைப் பெருமையாகவே சொல்வார். அது விதிக்கு நேர் எதிர். 'என்.எம்.சி. அங்கீகாரம் பெற்ற கல்லூரி' என்று போடுவார். தேசிய மருத்துவ ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரியையும் அங்கீகரித்துப் பட்டியல் வெளியிடுவதில்லை. அந்த ஒரு வரி ஃபிளக்ஸில் இருந்தாலே உங்கள் மண்டபச் சாவியை மேசைக்குள் வைத்துவிடலாம்.

காகிதச் சிக்கலில் நம் மாவட்டத்துக்கு என்றே ஒன்று உண்டு: பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயரிடத்தில். அதோடு நம் பிள்ளைகள் பெயரில் 'ஜ' இல்லாத பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அஜின், ஜெபின், ஜெனிஷா என்பதெல்லாம் ரஷ்ய எழுத்துக்குப் போய்த் திரும்பி ஆங்கிலத்துக்கு வரும்போது 'ட்ஜெபின்' போல முன்னால் ஒரு 'ட்' ஒட்டிக்கொண்டு பட்டத்தில் ஏறிவிடும். பட்டத்திலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் தேர்வு விண்ணப்பம் குறை என்று திரும்பும். அந்தப் பல்கலைக்கழகத்திடமே திருத்திய கடிதம் வாங்க வேண்டியிருக்கும், ஊருக்குத் திரும்பிய பிறகு அதற்கு மாதங்கள் ஆகும். பட்டத்தில் அப்போஸ்டில் என்னும், வெளிநாட்டு ஆவணம் உண்மையானது என்று காட்டும் முத்திரை அல்லது அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் சான்று இல்லாததும் அடிக்கடி நடக்கும் குறை. இரண்டையும் கடைசி ஆண்டில், அங்கே இருக்கும்போதே முடிக்க வேண்டும்.

தேறிய பிறகும் வரிசை நீளம். சான்றிதழைத் தேர்வு வாரியத்தில் நேரில் போய், ஆள் அடையாளம் சரிபார்த்து வாங்க வேண்டும். பிறகு சென்னையில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. பிறகு பயிற்சிக்கு இடம். 2022 மார்ச் மாதம் ஆணையம் சொன்ன கணக்குப்படி, ஒரு கல்லூரி தன் மொத்த இடங்களில் 7.5 சதவீதம் வரை வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி இடம் தரலாம். 150 இடங்கள் உள்ள ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் இது 11. அதே சுற்றறிக்கை, பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, இங்கே படித்தவர்களுக்குத் தரும் உதவித்தொகையை இவர்களுக்கும் தர வேண்டும் என்கிறது. இதைத் தெரியாமல் பணம் கொடுத்தவர்கள் உண்டு. கூட்டிப் பாருங்கள்: 66 மாதம் அங்கே, தேர்வுக்கு ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு, இடம் கிடைக்கச் சில மாதம், பயிற்சி ஓர் ஆண்டு. எட்டு ஆண்டு என்று சொல்லுங்கள். கல்விக் கடனுக்கோ பொதுவாகப் படிப்பு முடிந்த ஓர் ஆண்டில் தவணை தொடங்கிவிடும். பிள்ளை இரண்டாம் முயற்சிக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது வங்கியிலிருந்து நோட்டீஸ் வரும்.

இந்த இடைவெளியில்தான் ஒரு ஆபத்து நுழைகிறது. 'சும்மா இருக்கியே, ராத்திரி டியூட்டி பாரு' என்று சிறிய மருத்துவமனைகள் கூப்பிடும். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால், 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூப்பிட்டவர் பெயர் வழக்கில் பின்னால்தான் வரும். வீட்டின் அவசரத்துக்கு ஊரும் ஒரு காரணம். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கும் முன்பே முச்சந்தியில் 'டாக்டர்' என்று பெயர் போட்டு வாழ்த்து ஃபிளக்ஸ் கட்டிவிடுகிறோம். பிறகு ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளை கடைக்குப் போகக்கூட வெட்கப்பட்டு அறைக்குள் இருக்கிறது. பதிவு எண் வந்த பிறகு கட்டுங்கள். ஃபிளக்ஸ் அடிப்பவர் எங்கேயும் போய்விடப் போவதில்லை.

நெக்ஸ்ட் என்ற பொதுத் தேர்வு வந்தால் இதெல்லாம் மாறிவிடும் என்று சில முகாம்களில் சொல்கிறார்கள். இந்தியாவில் படித்தவர்களும் வெளிநாட்டில் படித்தவர்களும் ஒரே தேர்வு எழுத வேண்டும் என்று அதே 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2023இல் விதிமுறை வந்தது, அந்த ஆண்டு ஜூலையிலேயே தள்ளிவைக்கப்பட்டது. அது எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று இரண்டு படியாக வரும். கட்டிலருகே நோயாளியைப் பரிசோதித்துக் காட்ட வேண்டிய இரண்டாம் படி, வார்டில் பின்னால் நின்று தலையாட்டி வந்தவர்களுக்கு இதைவிடக் கடினமாகவே இருக்கும்.

உங்களிடம் கேட்பது இரண்டு.

முதலாவது, முகாமுக்கு மண்டபம் கேட்டு வருபவரிடம், வாடகை பேசும் முன், ஏதாவது ஒரு ஆண்டைச் சொல்லி நான்கு எண்களைக் கேளுங்கள். உதாரணமாக 2018: அந்த ஆண்டு நீங்கள் சேர்த்துவிட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் உரிய காலத்தில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை? முதல் முயற்சியில் தேறியவர்கள் எத்தனை? இன்றைக்கு மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள் எத்தனை? ஆண்டை நீங்கள் சொல்லுங்கள், அவரைச் சொல்ல விடாதீர்கள். அவர் நல்ல ஆண்டாகப் பார்த்துச் சொல்வார். சதவீதமாகச் சொன்னால் வாங்காதீர்கள், ஆள் கணக்காகக் கேளுங்கள். நான்காவது எண்ணைச் சரிபார்க்கவும் வழி உண்டு. பதிவு பெற்ற மருத்துவர் பெயரைக் கவுன்சிலின் பதிவேட்டில் தேடலாம். 'அதெல்லாம் அலுவலகத்தில் இருக்கிறது, அனுப்புகிறேன்' என்றால், வந்த பிறகு மண்டபத்தைக் கொடுங்கள்.

இரண்டாவது, 1838இலேயே நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கிய மாவட்டம் இது. பங்குகளிலும் சபைகளிலும் ஜமாஅத்துகளிலும் வார நாளில் பூட்டிக் கிடக்கும் அறைகள் உண்டு. திரும்பி வந்து படிக்கிற பிள்ளைகளுக்கு ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். ஆறு மேசை, இணைய இணைப்பு, மின்சாரம் போனால் நிற்காத ஒரு இன்வெர்ட்டர். காலை ஒன்பதுக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்குப் பூட்டினால் போதும், தேர்வு நேரமும் அதற்குள்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊரில் உள்ள மருத்துவர் ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் எக்ஸ்ரே, இ.சி.ஜி. படங்களை மட்டும் காட்டிப் பேசட்டும். படம் வைத்துக் கேட்கும் கேள்விகளில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். பாடம் நடத்த நாங்கள் வருகிறோம், அதற்குப் பணம் வேண்டாம்.

முகாம் நடத்துபவர் சொன்ன நான்கு எண்களையும் அன்றைய தேதியோடு கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அவரிடமும் கையொப்பம் வாங்கி வையுங்கள். ஆறு ஆண்டு கழித்து அவரோ அவருடைய ஆளோ மறுபடி மண்டபம் கேட்டு வருவார். அப்போது அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள்.

இப்படிக்கு,
உரிமத் தேர்வுக்குப் பாடம் நடத்தும் மருத்துவர்களும் ஆசிரியர்களும்,
நாகர்கோவில்